மேல்தட்டின் முன் இருக்கை

கவ்லாவுக்குக் கண்டக்டர் வேலை கிடைத்த செய்தியைக் கேட்டதும் அவள் நாத்தனார் நஜாத் அடுப்பிலிருந்த சட்டியை முதலில் இறக்கி வைத்தாள். சண்டை முடிய நேரமாகும், அதற்குள் குழம்பு அடிப்பிடித்துவிடும் என்ற முன்யோசனை. அப்புறம்தான் ஆரம்பித்தாள்.

"பஸ்ஸுலயா? ஆம்பளைங்க முட்டியோட முட்டி இடிச்சுக்கிட்டு நிக்கிற எடத்துலயா? என் அண்ணன் சண்டையில எங்க கெடக்கான்னே தெரியல. அவன் பொண்டாட்டி தோள்ல பைய மாட்டிக்கிட்டு ரஷீத் தெருவுல கூவப் போறாளாக்கும்!"

"கூவல. டிக்கெட் குடுக்கப் போறேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"உன் அண்ணன் இருந்தா நான் ஏன் போறேன்? தொட்டில்ல ஒண்ணு கத்துதே, அதுக்குப் பால் நீ வாங்கித் தருவியா?"

நஜாத் சட்டியைத் திரும்ப அடுப்பில் ஏற்றினாள். டைக்ரிஸ் என்கிற திஜ்லா ஆற்றின் மேற்குக் கரையில், ஷவாக்காவில், ஆற்றைப் பார்த்த சின்ன வீடு அது. நஜாத்துக்குக் கல்யாணம் ஆகவில்லை. கவ்லாவின் கணவன் ஃபாலிஹ் முந்தின வருஷம், ஈரானோடு நடந்த முஹம்மராச் சண்டையில் காணாமல் போயிருந்தான். செத்தான் என்று பட்டாளம் சொல்லவில்லை, பிடிபட்டான் என்றும் சொல்லவில்லை. அவன் போன பிறகு பிறந்தவள் ஸுஹா. பாக்தாதின் ஆம்பளைகளில் பாதிப் பேர் எல்லைக்குப் போய்விட்டதால் பஸ் கம்பெனி பெண்களைக் கூப்பிட்டு வேலை கொடுத்துக்கொண்டிருந்த காலம்.

மைதான் சதுக்கத்திலிருந்து கிளம்பி, ரஷீத் தெருவின் தூண் வரிசை நெடுக ஊர்ந்து, பாபுல் ஷர்கியில் திரும்பி, ஜும்ஹூரியா பாலத்தில் ஆற்றைத் தாண்டி, அலாவி பஸ் நிலையத்தில் போய் நிற்கும் சிவப்பு மாடி பஸ். அதுதான் அவளுக்குக் கிடைத்தது. டிரைவர் யோனான், அசிரியக் கிறிஸ்தவர். மூத்த மகன் பேரால் எல்லாரும் அவரை அபூ ஸர்கோன், ஸர்கோனின் அப்பா, என்று கூப்பிட்டார்கள். அதே வழக்கப்படி கவ்லா அங்கே உம்மு ஸுஹா, ஸுஹாவின் அம்மா. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே மாதாவையும் எல்லா இமாம்களையும் ஒரே மூச்சில் துணைக்கு அழைப்பார். யார் கிட்டத்தில் இருக்கிறார்களோ அவர்கள் வரட்டும் என்பது அவர் கட்சி.

முதல் நாளே மைதான் திருப்பத்தில் பஸ் சாய்ந்த சாய்ப்பில் கவ்லா ஒரு தலைப்பாகைக்காரரின் மடியில் போய் விழுந்தாள்.

"ஆண்டவன் குடுக்குறதை வேணாம்னு சொல்லக் கூடாது," என்றார் அவர். பஸ் முழுக்கச் சிரிப்பு.

கவ்லா எழுந்து, அங்கியைச் சரிசெய்து, டிக்கெட்டைக் கிழித்து நீட்டினாள். "இந்தாங்க ஹாஜி. இது உக்காருறதுக்கு. பேசுறதுக்குத் தனி டிக்கெட், அது என்கிட்ட இல்ல."

பஸ் இன்னும் பலமாகச் சிரித்தது. முன்னாலிருந்து யோனான் கத்தினார்: "தேறிடுவே, உம்மு ஸுஹா! தேறிடுவே!"

தேறினாள். எந்தத் திருப்பத்தில் எந்தக் காலை ஊன்றுவது, பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் பையை எந்தப் பக்கம் தொங்கவிடுவது, கிள்ளுகிற கையை எப்படி டிக்கெட் கட்டையால் அடிப்பது என்று எல்லாம் பழகியது. ரஃபிதைன் வங்கிப் பக்கம் ஏறும் குமாஸ்தா ஒருவர் மட்டும் மரியாதையாக, மாதக்கணக்காக யோசித்து, ஒரு நாள் கேட்டார்.

"நீங்க தனியாத்தானே இருக்கீங்க?"

"வீட்டுக்காரர் இருக்கார்."

"எங்க?"

"வருவார். நீங்க எறங்குற எடம் வந்துருச்சு."

அவள் அவ்வளவு உறுதியாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. விடுப்பில் வந்த சிப்பாய் ஒருவன், அடுத்த தெருக்காரன், வாசலில் வந்து நின்று சொல்லியிருந்தான்: "ஃபாலிஹைப் பாத்தேன். பஸ்ராவுல ரொட்டிக் கடையில வரிசையில நின்னான். கூப்பிடறதுக்குள்ள லாரி எடுத்துட்டாங்க." கவ்லா கைக்குழந்தையோடு ரயிலேறி பஸ்ராவுக்குப் போனாள். கிடைத்த விடுமுறையிலெல்லாம் போனாள். ரொட்டிக் கடை ரொட்டிக் கடையாக அலைந்தாள். குண்டு விழுந்துகொண்டிருந்த ஊரில், அடுப்பு எரிந்த ஒவ்வொரு கடை வாசலிலும் நின்றாள். மூன்றாம் வருஷம் செஞ்சிலுவைக்காரர்கள் மூலம் ஒரு துண்டுக் கடிதம் வந்தது. ஃபாலிஹ் ஈரானில், கைதிகள் முகாமில் இருந்தான். பிடிபட்ட நாளிலிருந்தே அங்கேதான். பஸ்ராவில் அவன் ஒரு நாளும் நிற்கவில்லை. அந்தச் சிப்பாயிடம் போய்க் கேட்கலாம் என்றால் அவனும் அதற்குள் செத்துப்போயிருந்தான்.

போர் முடிந்தது. கைதிகள் வரவில்லை. இன்னும் இரண்டு வருஷம் ஆயிற்று. குவைத்துக்குள் படை போன அந்தக் கோடையில்தான், ஈரானோடு அவசரமாகச் சமாதானம் பேசி, எல்லையில் கைதிகளை மாற்றிக்கொண்டார்கள்.

ஃபாலிஹ் வந்து இறங்கியபோது நஜாத் குலவையிட்டாள், மயங்கி விழுந்தாள், எழுந்து மறுபடி குலவையிட்டாள். கவ்லா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். முன்பற்கள் இல்லை. தோள் பாதியாகியிருந்தது. எட்டு வயது ஸுஹா அம்மாவின் பின்னால் நின்றுகொண்டு, "வாங்க மாமா," என்றாள். அடுத்த வீட்டுக்காரிகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஃபாலிஹ் மட்டும், "வந்தேன் தாயி," என்று பதில் சொன்னான்.

வீட்டுக்குள் அவனால் இருக்க முடியவில்லை. சாப்பிட உட்காருவான், கூரையைப் பார்ப்பான், தட்டை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய்விடுவான். காபிக் கடையில் கூட்டம் ஆகாது. ஸவ்ரா பூங்காவில் இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தான். காவல்காரன் மூன்று தடவை சுற்றி வந்ததும் எழுந்து வந்துவிட்டான். ஒரு நாள் காலை கவ்லாவோடு கூடவே கிளம்பினான். மைதானில் அவளுடைய பஸ்ஸில் ஏறி, படியேறி மேல்தட்டுக்குப் போய், முன்கண்ணாடிக்குப் பின்னாலிருந்த இருக்கையில் உட்கார்ந்தான். அலாவி வந்தது, இறங்கவில்லை. மைதான் வந்தது, இறங்கவில்லை. சாயங்காலம் பஸ்ஸைக் கொட்டகையில் விடும்போதுதான் இறங்கினான்.

"எப்படி இருந்துச்சு?" என்று கவ்லா கேட்டாள்.

"காத்து வருது," என்றான்.

அதன் பிறகு தினமும் வந்தான். மேல்தட்டுக்காரர்கள் அவனுக்கு 'பாஷா' என்று பேர் வைத்தார்கள். "பாஷா, இன்னிக்கு நம்ம ராஜ்யம் எல்லாம் சுகமா?" என்று கேட்டுவிட்டு உட்காருவார்கள். அவன் லேசாகத் தலையாட்டுவான். கீழே தெரு போகும். தூண்கள், கட்டைவண்டிகள், சாயம் போன பால்கனிகள், பேரீச்சம்பாகில் வேகும் டர்னிப்பின் ஆவி. பாலத்தின் மேல் ஏறும்போது மட்டும் அவன் நிமிர்ந்து உட்காருவான்.

டிக்கெட் பரிசோதகர் ஹிக்மத் கறாரான ஆள். ஒரு நாள் மேலே ஏறி வந்து நின்றார்.

"உம்மு ஸுஹா, இவர் எங்க எறங்கணும்?"

"இன்னும் வரல."

"மூணு நாளா வரலையா?"

"அவர் ஊருக்கு வந்தே ரெண்டு மாசம்தான் ஆகுது. எட்டு வருஷம் கைதியா இருந்தவர். மெதுவா வரட்டும்."

ஹிக்மத் தொப்பியைக் கழற்றினார். ஃபாலிஹின் பக்கத்தில் உட்கார்ந்தார். குரல் மாறிவிட்டது. "என் தம்பி, அப்துல் இலாஹ். இடது காதுல ஒரு வெட்டு இருக்கும். பாத்தீங்களா அங்க?"

"இல்லண்ணே. நான் இருந்த முகாம்ல அப்படி யாரும் இல்ல."

ஹிக்மத் தொப்பியை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். டிக்கெட் பேச்சை அப்புறம் எடுக்கவே இல்லை. ஆனால் போய் யார் யாரிடமோ சொல்லியிருக்கிறார். அடுத்த வாரமே மேல்தட்டுக்குக் கறுப்பு அங்கி போட்ட பெண்கள் வரத் தொடங்கினார்கள். ஒவ்வொருத்தி கையிலும் ஒரு போட்டோ. மகன், கணவன், தம்பி. ஃபாலிஹ் ஒவ்வொன்றையும் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பான். "இல்லம்மா." "இல்ல தங்கச்சி." அவர்கள் போட்டோவை மடித்து வைத்துக்கொண்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போவார்கள்.

உம்மு கைஸ் மட்டும் இறங்கவில்லை. ஸவ்ரா பூங்கா வாசலில் சூரியகாந்தி விதை விற்கிறவள். மகன் போட்டோவை ஃபாலிஹின் முழங்காலில் வைத்தாள். அவன் இல்லை என்றான். அவள் அலாவிக்கும் மைதானுக்கும் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தாள். மறுநாளும் வந்தாள். மறுபடி போட்டோவை வைத்தாள். அதற்கடுத்த நாள், பாலம் தாண்டும்போது, ஃபாலிஹ் சொன்னான்: "பாத்தேன்."

அவள் போட்டோவை அவன் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

"நல்லாத்தான் இருந்தான். பாடுவான்."

"ஆமா, பாடுவான்!" என்று கத்தினாள் உம்மு கைஸ். எழுந்து அவன் தலையை இரண்டு கையாலும் பிடித்து நெற்றியில் முத்தமிட்டாள். படியில் தடதடவென்று இறங்கி, கவ்லாவையும் கட்டிக்கொண்டு, பஸ் நிற்பதற்குள் குதித்துப் போய்விட்டாள்.

மறுநாள் மேல்தட்டில் நிற்க இடமில்லை. 'பாத்தேன்' என்று சொல்கிற ஆள் இருக்கிறான் என்று ஊரெல்லாம் பரவிவிட்டது. கீழே யோனான் புலம்பினார்: "வண்டி பின்னால இழுக்குது, உம்மு ஸுஹா. மேல மொத்த பாக்தாதும் ஏறியிருக்கு."

அலாவியில் எல்லாரையும் இறக்கிவிட்டு, யோனான் டீ குடிக்கப் போன நேரத்தில், கவ்லா மேலே ஏறினாள்.

"அந்தப் பையனை நெஜமாவே பாத்தீங்களா?"

ஃபாலிஹ் கண்ணாடிக்கு வெளியே பார்த்தான். "இல்ல."

"பின்ன?"

"அவ எறங்கவே மாட்டேங்குறா, கவ்லா. போட்டோவ முட்டியில வெச்சுக்கிட்டே இருக்கா. பாத்தேன்னு சொன்னேன். எறங்கிட்டா. என்ன சந்தோஷமா எறங்கினா, நீயே பாத்தியே."

"பாத்தேன். நானும் அப்படித்தான் ஒரு நாள் சந்தோஷப்பட்டேன்." கவ்லாவின் குரல் பஸ் நிலையத்துக்கே கேட்டிருக்கும். மரியாதையெல்லாம் போய்விட்டது. "உன்னை பஸ்ராவுல பாத்தேன்னு ஒருத்தன் சொன்னான். ரொட்டிக் கடையிலன்னான். குண்டு விழுற ஊர்ல, இடுப்புல புள்ளைய வெச்சுக்கிட்டு, கடை கடையா நின்னேன்டா. அடுப்புக்கு முன்னால நிக்கிற ஒவ்வொருத்தன் முதுகையும் தொட்டுத் திருப்பிப் பாத்தேன். உனக்கென்ன தெரியும்? நீ சொகமா ஜெயில்ல இருந்தே!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. அவன் கோபப்படவில்லை. ரொம்ப நாளைக்கு அப்புறம் அவன் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது. பல் இல்லாததால் அது என்னவென்று சரியாகத் தெரியவில்லை.

"யாரு சொன்னான்?"

"செத்துட்டான். விடுங்க. வர்ற வெள்ளிக்கிழமை பூங்காவுக்குப் போறோம். நீங்களே அவகிட்டச் சொல்லணும்."

வெள்ளிக்கிழமை ஸவ்ரா பூங்காவில் குடும்பம் குடும்பமாகக் கூட்டம். யூகலிப்டஸ் மரத்தடிகளில் விரிப்பைப் போட்டு, சோற்றுப் பானையைத் திறந்து, பிள்ளைகளை அதட்டிக்கொண்டிருந்தார்கள். குவைத் விஷயம் எங்கே போய் முடியுமோ என்று ரேடியோக்கள் பேசிக்கொண்டிருந்தன. வாசலோரம் உம்மு கைஸ் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். இவர்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, கை நிறைய விதையை அள்ளி ஸுஹாவின் பாவாடையில் கொட்டினாள்.

ஃபாலிஹ் அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தான். "அம்மா, நான் அன்னிக்குச் சொன்னது பொய். உங்க மகனை நான் பாக்கல. மன்னிச்சுருங்க."

உம்மு கைஸ் அவனைப் பார்த்தாள். கவ்லாவைப் பார்த்தாள். மெல்லத் தலையாட்டினாள்.

"யாரு உன்னை மெரட்டினா?"

"யாரும் மெரட்டல."

"அரசாங்கத்து ஆளுங்க வந்தாங்களா? பேசக் கூடாதுன்னாங்களா? பயப்படாத கண்ணு. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"அம்மா, நான் பாக்கவே இல்ல."

"பாக்காமத்தான் அவன் பாடுவான்னு சொன்னியா?" அவள் குரல் தாழ்ந்தது, தந்திரமாயிற்று. "அது எப்படித் தெரிஞ்சுது உனக்கு?"

முகாமில் எல்லாருமே பாடினார்கள், அதனால் வாயில் வந்தது என்று ஃபாலிஹ் சொல்லிப் பார்த்தான். அவள் காதில் ஏறவில்லை. கவ்லா குறுக்கே வந்தாள்: "சத்தியமா அவர் பாக்கல அத்தை. நான் சொல்றேன்."

"நீ பேசாத!" என்று சீறினாள் உம்மு கைஸ். "உன் புருஷன் வந்துட்டான். உனக்கென்ன!" கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வேறு வாசலுக்கு நடந்துவிட்டாள்.

திரும்பும் வழியெல்லாம் ஸுஹா விதையைக் கடித்துத் துப்பிக்கொண்டே வந்தாள்.

மறுநாளிலிருந்து ஃபாலிஹ் பஸ்ஸுக்கு வரவில்லை. போட்டோவோடு வந்த பெண்களிடம் கவ்லா படிக்கட்டிலேயே நின்று சொன்னாள்: "அவர் யாரையும் பாக்கல. ஒருத்தரையும் பாக்கல." சிலர் சாபமிட்டார்கள். சிலர் சும்மா போனார்கள். ஒருத்தி மட்டும் நன்றி சொன்னாள். எதற்கென்று கவ்லாவுக்குப் புரியவில்லை.

அவன் முற்றத்தில் உட்கார்ந்திருந்தான். அங்கே மூலையில் அவன் அப்பாவின் பழைய படகு கவிழ்ந்து கிடந்தது. அவர் ஷவாக்காத் துறையில் ஆட்களை அக்கரைக்கு ஏற்றிப் போனவர். படகுக்கு அடியில் நஜாத் கோழி வளர்த்தாள். அண்ணனும் கோழிகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இருப்பதைப் பார்த்தால் தனக்குப் பயமாக இருக்கிறது என்று அவள் கவ்லாவிடம் சொன்னாள்.

குவைத் விஷயம் முற்றி, ஜனவரியில் அமெரிக்கக் குண்டு விழத் தொடங்கியது. கரண்ட் போயிற்று, தண்ணீர் போயிற்று, பெட்ரோல் போயிற்று, பஸ்ஸும் நின்றது. ஜும்ஹூரியா பாலத்தின் நடுப்பகுதி இடிந்து ஆற்றில் விழுந்தது. சத்தம் ஓய்ந்தபோது நகரம் இரண்டு துண்டாக இருந்தது. மீதிப் பாலங்களில் ஜனம் பிதுங்கியது. ஆஸ்பத்திரி ஒரு கரையில், நோயாளி மறு கரையில். மாவு ஒரு கரையில், அடுப்பு மறு கரையில்.

நஜாத்தின் அலறல் கேட்டுக் கவ்லா முற்றத்துக்கு ஓடினாள். ஃபாலிஹ் படகைப் புரட்டியிருந்தான். கோழிகள் சுவர் மேலும் நஜாத்தின் தலை மேலும் பறந்துகொண்டிருந்தன.

"என் கோழி! ஐயோ, என் அடைகோழி! இவனுக்குப் பைத்தியம் முத்திடுச்சு, கவ்லா!"

"படகு ஒழுகுது," என்றான் ஃபாலிஹ், நஜாத்துக்கு இல்லை, தனக்கே. "தார் வேணும்."

தாரை எங்கிருந்தோ கொண்டுவந்தான். காய்ச்சிப் பூசினான். ஆற்றில் இறக்கிய முதல் நாள், மறு கரைக்குப் போக வேண்டிய முதல் ஆளாகக் கவ்லாவே ஏறினாள், மைதானில் கொட்டகை என்ன ஆயிற்று என்று பார்க்க. நடு ஆற்றில் படகு ஒரு சுற்றுச் சுற்றியது. எட்டு வருஷம் கைதி, அதற்கு முன் சிப்பாய், துடுப்பை மறந்திருந்தான்.

"அபூ ஸர்கோன் ஓட்டினா இந்நேரம் மாதாவைக் கூப்பிட்டிருப்பார்," என்றாள் கவ்லா, பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு.

"நீ கூப்பிடேன்."

"நான் கூப்பிட மாட்டேன். நீங்க ஒழுங்கா வலிங்க."

ஒரு வாரத்தில் கை பழகிவிட்டது. இடிந்த பாலத்துக்குக் கீழே, இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் காலையிலிருந்து இருட்டும்வரை வலித்தான். பிரசவ வலியோடு வந்தவளை ஏற்றினான், மாவு மூட்டையை ஏற்றினான், ஒரு தடவை கல்யாணப் பெண்ணையும் மத்தளக்காரர்களையும் ஏற்றினான். சுவர் இல்லை, கூரை இல்லை. சாப்பாட்டைப் படகிலேயே சாப்பிட்டான், தட்டை முழுசாகக் காலி செய்தான். ஸுஹா பள்ளிக்கூடம் விட்டு வந்து கரையில் நின்று, "பாபா, என்னையும்!" என்று கத்தினாள். எப்போதிலிருந்து அவள் அவனை அப்பா என்று கூப்பிடுகிறாள் என்று வீட்டில் யாரும் கவனித்திருக்கவில்லை.

உம்மு கைஸும் அந்தப் படகில் ஏறினாள். ஏறி, முன்பலகையில் உட்கார்ந்து, மற்றவர்களிடம் பெருமையாகச் சொன்னாள்: "இவன் என் கைஸோட முகாம்ல இருந்தவன்." ஃபாலிஹ் மறுக்கவில்லை, தலையாட்டவும் இல்லை. வலித்துக்கொண்டே இருந்தான். கேள்விப்பட்ட கவ்லா அன்று ராத்திரியே அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேனே பூங்காவுல. எத்தனை தடவை சொல்றது? ஆத்துக்கு நடுவுல எழுந்து நின்னு சண்டை போட்டா படகு கவுந்துரும்."

அதில் நியாயம் இருப்பதாகவும் இல்லாததாகவும் கவ்லாவுக்குப் பட்டது. அந்த விஷயம் அவர்களுக்குள் அப்படியே நின்றுவிட்டது.

பாலத்தைக் கட்டி முடித்தார்கள். மாடி பஸ்கள் மறுபடி ஓடின. ஃபாலிஹ் படகை ஆற்றின் மேல்பக்கம், ஷவாக்காத் துறைக்கு நகர்த்திக்கொண்டான். சந்தைக்குப் போகிறவர்களுக்குப் பாலத்தைச் சுற்றிப் போவதைவிட அது கிட்டம். அடுத்த சில வருஷங்களில் உதிரிபாகம் கிடைக்காமல் பஸ்கள் ஒவ்வொன்றாகக் கொட்டகையில் படுத்தன. கவ்லாவின் பஸ்ஸுக்கும் ஒரு நாள் சக்கரம் கழன்று அடுத்த பஸ்ஸுக்குப் போயிற்று. யோனான் மகனிருக்கும் டெட்ராய்ட்டுக்குக் கிளம்பினார். விடைபெற வந்தபோது, "அங்க எல்லாம் ஆளுக்கொரு காராம். மடியில யாரும் விழ மாட்டாங்களாம். என்ன ஊரோ," என்று அழுதார்.

கவ்லாவை அலுவலகத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். ஒரு மாதம் உட்கார்ந்தாள். இடுப்பு வலிக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

இப்போது அவள் அக்கரையில், சந்தைப் பக்கத்துத் துறையில் நிற்கிறாள். "ஷவாக்கா! ஷவாக்கா! ஏறுங்க, ஒரு ஆளுதான், ஒரே ஆளு!" என்ற குரல் சந்தை வாசல்வரை கேட்கும். படகில் எத்தனை பேரை ஏற்றுவது என்பதில் தினமும் கணவனோடு தகராறு. அவள் பஸ் கணக்கில் நினைக்கிறாள், அவன் தண்ணீர் மட்டத்தைப் பார்க்கிறான். நேற்றுகூட ஒரு தடியான வாத்தியாரை ஏற்றலாமா கூடாதா என்று பேச்சு முற்றி, அந்த மனுஷர் ஒரு காலைப் படகிலும் ஒரு காலைப் படியிலும் வைத்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"முடிவா நான் ஏறவா, எறங்கவா?"

"ஏறுங்க," என்றாள் கவ்லா.

"எறங்குங்க," என்றான் ஃபாலிஹ்.

ஏற்கெனவே உட்கார்ந்திருந்த காய்கறிக்காரி ஒருத்தி தன் தக்காளிக் கூடையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு நகர்ந்தாள். வாத்தியார் உட்கார்ந்தார். படகு ஒரு பக்கம் தாழ்ந்து, நிமிர்ந்து, கரையை விட்டுப் புறப்பட்டது.